நனைந்த கேமராவை என்ன செய்வது?

2021ஆம் ஆண்டு டிசம்பரில் சிலாங்கூரில் வெள்ளம் வந்தபோது எத்தனையோ வீடுகளில் கட்டிலும் அலமாரியும் போயின. எங்கள் வீட்டில் அவற்றோடு ஒரு டிஜிட்டல் கேமராவும் மூழ்கியது. அதில் அக்காள் மகளின் கல்யாணப் படங்கள் இருந்தன. சேற்றிலிருந்து எடுத்ததும் நாங்கள் செய்த முதல் காரியம், வேலை செய்கிறதா பார்ப்போம் என்று பொத்தானை அழுத்தியதுதான். அதுதான் பெருந்தவறு.

உள்ளே ஈரம் இருக்கையில் மின்சாரம் போகக்கூடாத வழியில் பாய்கிறது. நுண்ணிய செப்பு இழைகளையும் அரித்துவிடுகிறது. ஆகவே, கேமரா நனைந்தால் முதலில் பேட்டரியைக் கழற்றவேண்டும். நனைந்த பேட்டரிக்கு மறுபடி சார்ஜ் ஏற்றக்கூடாது, தீப்பிடிக்கக்கூடும். அடுத்து மெமரி கார்டை எடுத்துவிடவேண்டும். பெரும்பாலும் படங்கள் தங்கியிருப்பது தபால் தலையளவே உள்ள அந்த அட்டையில்தான். சேறு பட்டிருந்தால் நல்ல தண்ணீரில் அலசி, துணியால் ஒற்றி, இரண்டொரு நாள் நிழலில் உலர்த்திய பிறகே போட்டோக் கடையில் கொடுத்துப் பார்க்கலாம். எங்கள் கேமரா பிழைக்கவில்லை. கல்யாணப் படங்கள் அத்தனையும் கிடைத்தன!

கடல் தண்ணீரில் விழுந்ததென்றால் தாமதிக்கவே கூடாது. உப்பு தங்கினால் அரிப்பு நிற்காது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, அன்றைக்கே பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோவது நல்லது.

அரிசிப் பானைக்குள் புதைத்து வைக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. அரிசி ஈரத்தை அவ்வளவாக இழுப்பதில்லை. அதன் தூசுதான் உள்ளே போய்ச் சேரும். உச்சி வெயிலும் ஆகாது, சூட்டில் லென்ஸிலுள்ள பசையும் எண்ணெயும் இளகிவிடும். கழற்றக்கூடிய லென்ஸானால் தனியே கழற்றி, மின்விசிறிக் காற்றில் ஆறவிட்டு, பிறகு காலணிப் பெட்டிகளில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இறுக மூடிய டப்பாவில் ஒரு வாரம் வைக்கலாம். பல நாள் வெளியே கிடந்த பொட்டலம் ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கும், பயனில்லை.

காய்ந்த லென்ஸையும் அவ்வப்போது வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல் மெல்லிய இழை தெரிந்தால் அது பூஞ்சை. தொடக்கத்தில் என்றால் துடைத்தெடுத்துவிடலாம். விட்டுவிட்டால் கண்ணாடியின் மேற்பூச்சையே தின்றுவிடும். நம் நாட்டுக் காற்றில் ஈரம் அதிகம். தோல் பையில் போட்டு அலமாரிக்குள் மாதக்கணக்கில் பூட்டிவைத்தால், நனையாத லென்ஸிலும் பூஞ்சை பிடிக்கும்.