வெள்ளைத் திட்டுக்கு எத்தனை மார்க்?

சாவியை வைத்த இடம் மறந்தாலும், வயல் வரம்பில் கால் தடுமாறினாலும் சித்தாண்டி ஊரில் ஒரே தீர்ப்புத்தான்: "ஆளுக்கு அறளை பேந்துட்டு." அதாவது, வயதுபோய்ப் புத்தி தடுமாறிவிட்டது. மூளையை ஸ்கான் எடுத்தால் தீர்ப்பு வேறு பாஷையில் வரும். 'ஃபசேகாஸ் 1' என்றோ '3' என்றோ றிப்போட்டில் இருக்கும். 1க்கும் 3க்கும் வீடு ஒரே அளவு பயப்படுகிறது. அதுதான் பிழை.

ஃபசேகாஸ் என்றால் ஹங்கேரிய மொழியில் குயவர். இங்கே அது ஃபிரான்ஸ் ஃபசேகாஸ் என்ற ஆஸ்திரிய நரம்பியல் வைத்தியரின் பெயர். அல்சைமர் நோயாளரையும் நோயில்லாத முதியவர்களையும் எம்.ஆர்.ஐ.யில் ஒப்பிட்ட அவரும் கூட்டாளிகளும், வெள்ளைப் பொருளில் பளிச்சிடும் இடங்களை 1987இல் 0 முதல் 3 வரை தரம் பிரித்தார்கள். ஆழத்தில் புள்ளி புள்ளியாகச் சிதறியிருந்தால் 1. புள்ளிகள் ஒன்றையொன்று தொடத் தொடங்கினால் 2. கலந்து பெருந்திட்டானால் 3. மூளையின் நடுக்குழிகளை ஒட்டிய வெளிச்சத்துக்குத் தனி மார்க். பழகிய கண் இருந்தால் போதும். கன அளவைக் கணக்கிடும் மென்பொருள்கள் வந்த பிறகும் இந்த அளவுகோல் நிலைத்திருப்பது அதனால்தான்.

வெள்ளைப் பொருள் என்பது மூளையின் ஒரு பகுதியை இன்னொன்றோடு இணைக்கும் நரம்பிழைக் கட்டு. அதன் ஆழத்துக்கு இரத்தம் போவது மிக மெல்லிய குழாய்கள் வழியே. உறுகாமம் குளத்து வாய்க்காலில் நீர் குறைந்தால் எந்த வயல் முதலில் காயும் என்று கமக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிரசரும் சீனி வருத்தமும் புகைத்தலும் குழாய்ச் சுவரைக் கெடுக்கும்போது, கடைசி வயலின் நிலைதான் இந்த இழைகளுக்கும்.

நெதர்லாந்தின் ரொட்டர்டாமில் 60 முதல் 90 வயது வரையான 1,077 பேரை ஸ்கான் செய்தபோது, புள்ளியே இல்லாதவர்கள் 5 சதவீதம்தான். ஆகவே 1 என்பது பெரும்பாலும் நரைமுடி மாதிரி. 3 அப்படியல்ல. ஐரோப்பாவின் 11 மையங்களில் 639 முதியவர்களைத் தொடர்ந்து கவனித்த 'லாடிஸ்' ஆய்வில், கடுமையான மாற்றம் உள்ளவர்கள் அன்றாட வேலைக்குப் பிறர் கையை நம்பும் நிலைக்கு வருவதோ இறப்பதோ, இலேசான மாற்றம் உள்ளவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. மறதிக்கு முன்பே நடை மெதுவாவதும் உண்டு. நாம் அதை முழங்கால் வருத்தம் என்று தைலம் பூசிக் கடத்திவிடுகிறோம்.

தெற்காசியர்களின் மூளைப் படங்களும் இப்போது சேர்கின்றன. பெங்களூரு மூளை ஆராய்ச்சி மையம், கோலார் மாவட்டம் சீனிவாசபுரக் கிராமங்களில் 45 வயதைக் கடந்தவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்கிறது.

திட்டு வளர்வதைத் தணிக்க முடியுமா? 2019இல் அமெரிக்காவின் 'ஸ்பிரின்ட் மைண்ட்' ஆய்வு இதைப் பார்த்தது. மேல் பிரசரை 120க்குக் கீழே கொண்டுவர முயன்றவர்களிடம் சுமார் நான்கு ஆண்டுகளில் திட்டு 0.92 கன சென்டிமீட்டர் கூடியது. 140ஐ இலக்காக வைத்தவர்களிடம் 1.45. விழக்கூடிய முதியவருக்கு 120 பொருந்துமா என்பதை வைத்தியர்தான் பார்க்க வேண்டும். ஆனால் பிரசர்க் குளிசை நம் அரச கிளினிக்கில் இலவசம். "தலைச்சுத்து இல்லையே" என்று அதைப் பாதியில் நிறுத்திவிட்டு, கிளினிக் கொப்பியை மட்டும் பத்திரமாக வைத்திருப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.