பந்தயத்தடத்தில் ஓடும் காருக்கு ஏற்ற சக்கரமும் டயரும்

மோட்டார் காரின் வேகத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் எஞ்சினைப் பற்றியே பேசுவர். எத்தனை குதிரைசக்தி, எத்தனை விநாடியில் எவ்வளவு வேகம் என்பனவே பேச்சின் பொருளாக இருக்கும். ஆயினும், எஞ்சின் தரும் ஆற்றலும், பிரேக் தடுக்கும் விசையும், ஸ்டியரிங் திருப்பும் திசையும் தரையைச் சென்றடைவது டயரின் வாயிலாகவே அன்றோ? ஓட்டுபவரையும் சேர்த்து 1,000 கிலோ எடையுள்ள ஒரு சிறு காரை எடுத்துக்கொள்வோம். அதன் டயர்களில் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு காற்றழுத்தம் இருக்குமாயின், நான்கு டயர்களும் தரையைத் தொடும் பரப்பு மொத்தம் ஏறத்தாழ 480 சதுர சென்டிமீட்டரே. ஒரு டயருக்கு 120 சதுர சென்டிமீட்டர்; அதாவது, விரித்த கை ஒன்றின் அளவுக்கும் சற்றுக் குறைவு. இந்த நான்கு கையளவு ரப்பரை நம்பியே ஓட்டுபவர் வளைவுக்குள் நுழைகிறார். ஆதலின், பந்தயத்தடத்தில் காரை ஓட்ட விரும்புவோர் முதலில் ஆராய வேண்டியது டயரையும், அதைத் தாங்கும் சக்கரத்தையுமே ஆகும்.

இத்தேர்வில் பலர் வரிசையை மாற்றிவிடுகின்றனர். கண்ணுக்கு அழகான பெரிய சக்கரத்தை முதலில் வாங்கி, பின்னர் அதற்குப் பொருந்தும் டயரைத் தேடுகின்றனர். முறையான வரிசை இதற்கு நேர்மாறானது. முதலில், கார் எத்தகைய ஓட்டத்துக்குப் பயன்படப்போகிறது என்பதைத் தெளிதல் வேண்டும். அடுத்து, அதற்கேற்ற டயரின் வகை, அதன்பின் டயரின் அளவு, கடைசியில்தான் சக்கரம். இவ்வரிசையை ஓர் எடுத்துக்காட்டின் துணையோடு விளக்க முற்படுவோம். 1989ஆம் ஆண்டு ஜப்பானிய நிறுவனமாகிய மாஸ்டா வெளியிட்ட எம்.எக்ஸ்-5 என்னும் இருவர் அமரும் சிறு ஸ்போர்ட்ஸ் கார் உலகெங்கும் பெயர்பெற்றது. 2016இல் அதன் பத்து லட்சமாவது வண்டி தயாராயிற்று. எளிய மக்களும் பந்தயத்தடத்துக்குக் கொண்டுசெல்லும் கார் அது. அதன் முதல் தலைமுறை வண்டியையே இங்குச் சான்றாகக் கொள்வோம்.

டயர் தரையைப் பற்றிக்கொள்வது எவ்வாறு? தார்ச்சாலை கண்ணுக்குச் சமமாகத் தோன்றினும், அதன் மேற்பரப்பு சிறு சிறு மேடுபள்ளங்களால் ஆனது. மென்மையான ரப்பர் அப்பள்ளங்களுக்குள் அழுந்தி, மேடுகளைத் தழுவி, நழுவுவதைத் தடுக்கிறது. அன்றியும், ரப்பரின் நுண்துகள்கள் சாலைப் பரப்போடு ஒட்டிப் பிரியும் தன்மையும் பிடிப்புக்குக் காரணமாகிறது. இவ்விரண்டும் ரப்பரின் வெப்பநிலையைப் பொறுத்தவை. குளிர்ந்த ரப்பர் விறைத்து நின்று பள்ளங்களில் அழுந்த மறுக்கும். அளவுக்கு மீறிச் சூடேறிய ரப்பரோ குழைந்து வழுக்கும். துண்டு துண்டாகப் பெயர்ந்தும் போகும். பந்தயத்தடத்துக்கென அமைந்த டயர்களுள் பல, ஏறத்தாழ 70 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில்தான் தம் முழுப் பிடிப்பையும் தருகின்றன. அன்றாடச் சாலைக்கு ஆன டயரை அவ்வெப்பத்தில் தொடர்ந்து ஓட்டினால் சில சுற்றுகளிலேயே அது தளர்ந்துவிடும். பந்தய டயரைக் குளிர்ந்த நிலையில் நகரச் சாலையில் ஓட்டினாலோ, சாதாரண டயரைவிடவும் குறைந்த பிடிப்பையே அது தரக்கூடும்.

டயர் வகைகளை நான்காகப் பிரிக்கலாம். முதலாவது, அன்றாடச் சாலை டயர். இரண்டாவது, மென்மையான ரப்பரும் உறுதியான பக்கச்சுவரும் கொண்டு, சாலையிலும் தடத்திலும் ஓடக்கூடிய டயர். மூன்றாவது, மிகச் சில வரிப்பள்ளங்களே உடைய அரைவழுக்கை டயர். நான்காவது, வரிப்பள்ளமே இல்லாத ஸ்லிக் என்னும் வழுக்கை டயர். இதைப் பொதுச்சாலையில் பயன்படுத்தலாகாது. வரிப்பள்ளங்கள் பிடிப்பைக் கூட்டுவன என்று எண்ணுவோர் உண்டு. அவற்றின் முதன்மையான வேலை மழைநீரை வெளியேற்றுவதே. உலர்ந்த தரையில் பள்ளம் குறையக் குறையத் தரையைத் தொடும் ரப்பர் கூடுகிறது. ரப்பர்க் கட்டிகள் வளைந்து ஆடி வெப்பமேறுவதும் குறைகிறது. ஆனால் மழை பெய்துவிட்டால் நிலைமை தலைகீழாகும். வெளியேற வழியற்ற நீர், டயரைத் தரையிலிருந்து தூக்கிவிடும். அப்போது ஸ்டியரிங்கும் பிரேக்கும் பயனற்றவை. காரைத் தடத்துக்கு ஓட்டிச் சென்று, மாலையில் அதே டயரில் வீடு திரும்புவோர்க்கு இரண்டாவது வகையே தக்கது என்பது எமது கருத்து. மற்ற இரு வகைகளை விரும்புவோர், இரண்டாவது ஜோடிச் சக்கரங்களை உடன் கொண்டுசென்று தடத்திலேயே மாற்றிக்கொள்ளல் வேண்டும்.

டயரின் பக்கச்சுவரில் பொறித்த எண்களைப் படிக்கக் கற்றவர் ஏமாறமாட்டார். நமது எடுத்துக்காட்டு வண்டி தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது அதில் இருந்த டயரின் அளவு 185/60 ஆர் 14. இதில் 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 60 சதவீதம் என்பதைக் குறிக்கும். அதாவது 111 மில்லிமீட்டர். ஆர் என்னும் எழுத்து, உள்ளிழைகள் ஆரவாட்டில் அமைந்த ரேடியல் டயரைக் குறிக்கும். 14 என்பது சக்கரத்தின் விட்டம், அங்குலத்தில். இவற்றைத் தொடர்ந்து வரும் எண் சுமையையும், எழுத்து வேகத்தையும் அறிவிக்கும். சான்றாக, 82 என்றால் ஒரு டயர் 475 கிலோ தாங்கும். 86 என்றால் 530 கிலோ. எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை. வி என்றால் 240. டபிள்யூ என்றால் 270. கார் எட்டக்கூடிய உச்ச வேகத்துக்குக் குறைந்த எழுத்துடைய டயரைத் தடத்தில் பூட்டுவது உயிரோடு விளையாடுவதற்கு ஒப்பாகும்.

அமெரிக்க விதிகளின்படி பொறிக்கப்படும் தேய்மான எண் ஒன்றும் உண்டு. எண் சிறிதாயின் ரப்பர் மென்மையானது, விரைவில் தேய்வது என்று பொதுவாகக் கொள்ளலாம். சாலை டயர்களில் இது 300, 400 என்றும், தடத்துக்கும் உதவும் டயர்களில் 200 என்ற அளவிலும் காணப்படும். எனினும், இந்த எண்ணை வழங்குபவர் டயரைச் செய்பவரே. ஆதலின், ஒரே நிறுவனத்தின் இரு டயர்களை ஒப்பிட இது துணைசெய்யுமேயன்றி, இரு நிறுவனங்களின் டயர்களை எடைபோட உரிய தராசு ஆகாது.

இனி அளவைப் பார்ப்போம். எம்.எக்ஸ்-5 வண்டிக்குத் தடத்தில் ஓடுவோர் பலர் விரும்பும் அளவு 205/50 ஆர் 15. கணக்கிட்டுப் பார்த்தால், பழைய டயரின் முழு விட்டம் 578 மில்லிமீட்டர். புதியதன் விட்டம் 586. வேறுபாடு ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவு. ஆதலின் கியர் விகிதமும் வேகமானியும் பெரிதும் மாறுவதில்லை. டயரின் அகலம் மட்டும் 20 மில்லிமீட்டர் கூடுகிறது. இதற்கு மாறாக, அழகு கருதி 17 அங்குலச் சக்கரத்தில் 205/40 அளவு டயரைப் பூட்டினால், அகலம் அதே 205தான். ஆனால் விட்டம் 596 ஆகிறது, எடையும் விலையும் ஏறுகின்றன. சக்கரத்தின் எடை அதன் விளிம்பை நோக்கி நகர நகர, அதைச் சுழற்றவும் நிறுத்தவும் வேண்டிய முயற்சி மிகும். பெரிய சக்கரமே விரைவு தரும் என்பது உண்மையாயின், உலகின் மிக விரைவான ஃபார்முலா ஒன் கார்கள் 2021ஆம் ஆண்டு வரை 13 அங்குலச் சக்கரங்களிலேயே ஓடியிருக்கமாட்டா. 2022இல் அவை 18 அங்குலத்துக்கு மாறியபோது சக்கரமும் டயரும் சேர்ந்த எடை கூடவே செய்தது. பிரேக் அமைப்புக்கு இடம் தரும் மிகச் சிறிய விட்டமே பொதுவாகச் சிறந்த விட்டம்.

அகலத்திலும் அளவறிதல் வேண்டும். அகன்ற டயர் வளைவுகளில் கூடுதல் பிடிப்பைத் தருவது உண்மையே. ஆனால் எடை குறைந்த காரில் மிக அகன்ற டயரைப் பூட்டினால், அதைச் சூடேற்றப் போதிய சுமை இராது. நீர் தேங்கிய தரையில் அது விரைவாக மிதக்கவும் செய்யும். மேலும், பிடிப்பு கூடும்போது சக்கரத் தாங்கிகளும் பிரேக்குகளும் ஏற்கும் பளுவும் கூடுகிறது என்பதை மறத்தலாகாது.

இப்போது சக்கரத்துக்கு வருவோம். நட்டுகளின் எண்ணிக்கையும், அவை அமைந்த வட்டத்தின் விட்டமும் காரோடு பொருந்த வேண்டும். நமது வண்டிக்கு அது நான்கு நட்டு, 100 மில்லிமீட்டர். நடுத்துளை 54.1 மில்லிமீட்டர். சக்கரத்தின் துளை இதைவிடப் பெரிதாயின், இடைவெளியை நிரப்பும் வளையம் இடுதல் நலம். இன்றேல் சக்கரம் சரியாக நடுவில் அமையாது அதிரும். அடுத்தது ஆஃப்செட். சக்கர அகலத்தின் நடுக்கோட்டுக்கும், அது ஹப்பில் அமரும் முகத்துக்கும் உள்ள தொலைவே இது. பழைய சக்கரத்தின் அகலம் ஐந்தரை அங்குலம், ஆஃப்செட் 45 மில்லிமீட்டர். அதற்குப் பதிலாக 7 அங்குல அகலமும் 35 மில்லிமீட்டர் ஆஃப்செட்டும் உடைய சக்கரத்தை மாட்டினால், அதன் உள்விளிம்பு 9 மில்லிமீட்டர் உள்ளேயும், வெளிவிளிம்பு 29 மில்லிமீட்டர் வெளியேயும் நகரும். உள்ளே ஸ்பிரிங்கிலும் வெளியே மட்கார்டிலும் டயர் உரசுமா என்பதை, ஸ்டியரிங்கை முழுதும் திருப்பியும் வண்டியை அமுக்கியும் பார்த்த பின்னரே தடத்துக்குச் செல்லலாம்.

செய்ம்முறையும் கருதத்தக்கது. அச்சில் வார்த்த அலாய் சக்கரம் விலை குறைந்தது. உலோகத்தை அழுத்தி அடித்துச் செய்த சக்கரம் குறைந்த எடையிலேயே அதே வலிமையைத் தருவது, விலையோ மிகுதி. எதுவாயினும் தரமுத்திரை இல்லாத போலிச் சக்கரத்தை விலை குறைவு என்று வாங்குதல் கூடாது. தடத்து வளைவின் பளுவில் அது விரிசல் கண்டால், அதைத் தெரிந்துகொள்ளும் நேரமும் இடமும் நமக்கு உவப்பானவையாக இரா.

நல்ல டயரையும் சக்கரத்தையும் பூட்டிவிட்டால் வேலை முடிந்துவிடாது. காற்றழுத்தம் வெப்பத்தோடு ஏறும். 30 டிகிரி வெப்பத்தில் 28 பவுண்டு காற்று நிரப்பிய டயர், 80 டிகிரிக்குச் சூடேறினால் ஏறத்தாழ 35 பவுண்டு காட்டும். ஓடும்போது 32 பவுண்டு வேண்டுமாயின், 25 அல்லது 26இல் தொடங்குதல் வேண்டும். வீடு திரும்புமுன் மீண்டும் காற்று நிரப்பிக்கொள்வதை மறக்கலாகாது. குளிர்ந்தபின் அதன் அழுத்தம் சாலைக்குப் போதாது. ஓடி நின்றவுடன் டயரின் முகத்தில் உள்ளோரம், நடு, வெளியோரம் என மூன்று இடங்களில் வெப்பத்தை அளந்தால் டயரே நமக்குப் பாடம் சொல்லும். நடுப்பகுதி மிகச் சூடாயின் காற்று அதிகம். இரு ஓரங்களும் சூடாயின் காற்று குறைவு. வெளியோரம் மட்டும் மிகச் சூடாயின், வளைவில் கார் சாயும்போது டயர் அவ்வோரத்தில் மட்டுமே நிற்கிறது என்பது பொருள். சக்கரத்தின் மேற்புறத்தை உட்புறமாகச் சாய்க்கும் கேம்பர் கோணத்தைக் கூட்டுதல் வேண்டும்.

இடமும் நாளும் அறியாத தேர்வு, வல்லுநர்க்கும் துன்பம் தரும். 2005ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் தடத்தில் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயமே இதற்குச் சான்று. அத்தடத்தின் சாய்தள வளைவு தந்த பளுவை மிஷலின் டயர்கள் பாதுகாப்பாகத் தாங்கமாட்டா என்பது பயிற்சி ஓட்டத்தில் தெரிந்தது. தொடக்கச் சுற்று முடிந்ததும் அந்த டயர் பூட்டிய 14 கார்கள் விலகின. எஞ்சிய ஆறு கார்களே பந்தயத்தில் ஓடின. பிற தடங்களில் வெற்றி தந்த டயர் இத்தடத்துக்கு ஏற்கவில்லை. அன்று விலகியவர்கள் பந்தயத்தை இழந்தனர், உயிரை இழக்கவில்லை.

நம் நாட்டிலும் இதற்கான இடங்கள் உள்ளன. பல்லாண்டுக் காலம் சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்தன. 1990இல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைத் தடம் அமைந்தது. கோயம்புத்தூரில் கரி மோட்டார் ஸ்பீட்வே உண்டு. தில்லிக்கு அருகே கிரேட்டர் நொய்டாவில் 2011இல் திறக்கப்பெற்ற புத்தா தடம் 5.125 கிலோமீட்டர் நீளமுடையது. வேகத்தை நாடுவோர் நாடவேண்டிய இடம் இத்தகைய தடங்களேயன்றிப் பொதுச்சாலை அன்று.

அங்குச் செல்லுமுன் சில வேலைகளைத் தவறாது செய்தல் வேண்டும். டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத் தேதியைப் பாருங்கள். 2323 என்றால் 2023ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. வரி தேயாதிருப்பினும், பல ஆண்டுகள் கிடந்த ரப்பர் இறுகிப் பிடிப்பை இழந்திருக்கும். சக்கரத்தைத் துடைத்து, கம்பிகளின் அடியிலும் நட்டுத் துளைகளைச் சுற்றிலும் விரிசல் உண்டா என்று நோக்குங்கள். நட்டுகளைக் கையேடு குறிக்கும் முறுக்கு அளவில் இறுக்குங்கள். முதல் ஓட்டம் முடிந்து சக்கரம் ஆறியபின் மீண்டும் சரிபாருங்கள். இவற்றுக்குக் கால் மணி நேரம் போதும். காருக்கும் தடத்துக்கும் அன்றைய வானிலைக்கும் ஏற்ற டயரும், அந்த டயருக்கு ஏற்ற சக்கரமுமே நல்ல தேர்வு என்பதை நினைவில் கொள்வோமாக.