ஆட்டை ஏன் திருப்பி ஏற்ற வேண்டும்?

படுவான்கரையிலுள்ள பழுகாமத்திலிருந்து எழுவான்கரைக்கு ஒருவர் வாவியைக் கடக்க வேண்டும். கூடக் கொண்டுபோக வேண்டிய புலி, ஆடு, புல்லுக்கட்டு மூன்றில் ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் தோணியில் ஏற்றலாம். (புலி எதற்கென்று கேட்கக்கூடாது.)

ஆளில்லாமல் விடக்கூடாத சோடிகள் இரண்டு: புலியும் ஆடும், ஆடும் புல்லும். இரண்டிலும் ஆடு இருக்கிறது. ஆகவே முதலில் ஆடுதான். வெறுந்தோணியில் திரும்பிப் புலியைக் கொண்டுபோகிறார். அக்கரையில் இரண்டையும் விட்டுவர முடியாது. புலியையே திருப்பினால் பழைய நிலைதான். மிஞ்சுவது ஆட்டைத் திருப்புவது. பலர் சிக்குவது இங்கேதான்: கரைசேர்த்ததைத் திரும்ப ஏற்ற மனம் ஒப்பாது. பிறகு ஆட்டை இறக்கி, புல்லைக் கடத்தி, வெறுந்தோணியில் வந்து ஆட்டை ஏற்றினால் முடிந்தது. மொத்தம் 7 கடப்புகள். புலிக்கு முன் புல்லைக் கடத்தினாலும் அதே 7.

ஆளும் மற்ற மூன்றும் எந்தெந்தக் கரையில் என்று கணக்கிட்டால் சாத்தியமான நிலைகள் 16. அவற்றில் 6 ஆபத்தானவை. 804இல் இறந்த ஆங்கிலேய அறிஞர் அல்குயினுடையதாகக் கருதப்படும் லத்தீன் புதிர்த் தொகுப்பிலும் இதே ஆடு உண்டு. கூட வருவது ஓநாயும் கோவாவும்.