பக்கவாதமும் சீன நாட்டு மூலிகைகளும்

உடலின் ஒரு பக்கம் திடீரெனச் செயலிழக்கும் நோயைப் பக்கவாதம் என்கிறோம். வாதம் என்பது காற்றைக் குறிக்கும் சொல். சீன மக்கள் இந்நோயைச் ‘சுங்ஃபெங்’ என்பர். காற்றால் தாக்குண்ட நிலை என்பது அதன் பொருள். இந்நோய்க்குச் சீனர் பல நூற்றாண்டுகளாக மூலிகைகளைக் கையாண்டு வருகின்றனர். அவற்றின் பயன் யாது, எல்லை யாது என்பதை ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்திருத்தல் நலம். எண்ணெய் தடவுவதிலும் நாட்டு மருந்து தேடுவதிலும் முதல் நாள் கழிந்துவிடுவது நம் ஊர்களிலும் உண்டன்றோ?

நோயின் இரு வகை

வாய்க்கால் தூர்ந்தால் கடைமடைப் பயிர் வாடும். கரை உடைந்தால் பயிர் மூழ்கும். மூளைக்கு இரத்தம் செல்லும் குழாய்களின் நிலையும் இதுவே. இரத்தக்கட்டி குழாயை அடைப்பது ஒரு வகை. குழாய் வெடித்து இரத்தம் கசிவது மற்றொரு வகை. பெரும்பாலோருக்கு நேர்வது அடைப்பு வகையே. எனினும் வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். நாடி பார்த்தோ முகம் பார்த்தோ இவற்றை உறுதியாகப் பிரித்தறிய இயலாது, சி.டி. ஸ்கேன் போன்ற படப் பரிசோதனை இன்றியமையாதது.

புகழ்பெற்ற ஒரு கஷாயம்

வாங் சிங்ரென் என்னும் சீன மருத்துவர் 1768-இல் பிறந்து 1831-இல் மறைந்தவர். நினைவாற்றல் தங்குமிடம் இதயமன்று, மூளையே என்று எழுதியவர். பழைய நூல்களின் பிழைகளைத் திருத்தி 1830-இல் அவர் வெளியிட்ட நூலில் பக்கவாதத்திற்கான கஷாயம் ஒன்று காணப்படுகிறது. உடலின் உயிராற்றல் பத்துப் பங்கு. அதில் ஐந்து பங்கு குறைந்தால் ஒரு பக்கம் விழுந்துவிடும் என்பது அவர் கொள்கை. ஆகவே, ‘ஐந்தை மீட்கும் கஷாயம்’ என்னும் பொருள்பட அதற்குப் பெயர் வைத்தார்.

அதில் ஏழு சரக்குகள் சேரும். தலையாயது ஹுவாங்ச்சி எனப்படும் அவரைக் குடும்பத்துச் செடியின் வேர். அதன் எடை, மற்ற ஆறு சரக்குகளின் கூட்டு எடையைப்போல் ஐந்து மடங்குக்கும் மேலாகும். மற்றவை மூன்று வகைக் கிழங்கு வேர்கள், குசும்பப்பூ, பீச் பழக்கொட்டையின் பருப்பு, உலர்ந்த மண்புழு ஆகியன. இக்கஷாயம் இன்றும் சீன மருத்துவமனைகளில் வழங்கப்படுகிறது.

யுன்னான் மாநிலத்து மூலிகைகள்

சீனாவின் தென்மேற்கில் உள்ள யுன்னான் மலைநாட்டில் யீ, மியாவ் முதலிய இன மக்கள் வாழ்கின்றனர். அவர்கள் வழங்கிவந்த தெங்ஜான் என்னும் சிறு பூச்செடியும் பக்கவாதத்திற்குப் பயன்படுகிறது. எண்ணெய் விளக்கு என்பது அப்பெயரின் பொருள். அதன் சாரத்திலிருந்து இன்று மாத்திரைகளும் ஊசி மருந்தும் செய்கின்றனர்.

அம்மாநிலத்தின் வென்ஷான் வட்டாரத்தில் சான்ச்சி என்னும் கிழங்கு வேர் பயிராகிறது. நிழற்பந்தலின்கீழ் ஏறத்தாழ மூன்றாண்டு வளர்ந்த பின்னரே அதை அகழ்வர். ஒருமுறை பயிரிட்ட நிலத்தில் பல ஆண்டுகள் அதை மீண்டும் பயிரிட இயலாது. வேர் அழுகி மகசூல் கெடும்.

ஆராய்ச்சி கூறுவது என்ன?

சான்ச்சியின் சாரத்தை 3072 நோயாளிகளிடம் சோதித்த ஆராய்ச்சி ஒன்று 2023-இல் வெளியாயிற்று. அனைவரும் அடைப்பு வகையினர்; அனைவருக்கும் வழக்கமான சிகிச்சையும் அளிக்கப்பட்டது. மூன்று மாதம் கழித்து, பிறர் துணையின்றித் தம் வேலையைத் தாமே செய்துகொள்ளும் நிலையை அடைந்தோர், மூலிகை பெற்றவரில் நூற்றுக்கு 89.3 பேர்; பெறாதவரில் 82.4 பேர். இது ஊக்கமூட்டும் செய்தியே. ஆயினும் எல்லா மருந்தும் இவ்வாறு தேறவில்லை. பல சரக்குகள் சேர்ந்த வேறொரு சீன மருந்தை ஆசிய நாடுகள் சிலவற்றில் 1100 நோயாளிகளிடம் சோதித்தனர். மூன்று மாத முடிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 2013-இல் அறிவித்தனர்.

ஒன்றை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். 3072 பேருக்கும் நோயின் வகை முதலில் உறுதி செய்யப்பட்டது. மூலிகை அதன் பின்னரே வந்தது. கட்டியைக் கரைக்கும் ஊசியை நோய் தொடங்கிய நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும் என்பது சீன மருத்துவமனைகளிலும் நடைமுறை. மூலிகை அவ்வூசிக்கு மாற்றன்று. பின்னர் வரும் துணையே.

எச்சரிக்கை

இம்மூலிகைகளுள் பல, இரத்தத்தை இளக்கி ஓடச்செய்யும் இயல்புடையவை எனக் கருதப்படுபவை. கசிவு வகை நோயாளிக்கு அறியாது கொடுத்தால் தீங்கு விளையக்கூடும். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்போர் தான்ஷென் போன்ற சீன மூலிகைகளை உடன் உண்டால் இரத்தப்போக்கு நேரலாம். மேலும், பக்கவாதம் கண்டவருக்கு விழுங்கும் ஆற்றல் குன்றியிருக்கும். வாயில் புகட்டும் கஷாயமோ தண்ணீரோ மூச்சுக்குழலில் இறங்கி உயிருக்கே ஊறு செய்யும்.

ஊராட்சியின் கடமை

முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தளர்ந்து விழுதல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே 108 அவசர ஊர்தியை அழைத்தல் வேண்டும். நோயாளி இறுதியாக நலமுடன் இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். மருத்துவர் முதலில் கேட்பது அதுவே. ஸ்கேன் வசதியும் ஊசி போடும் ஏற்பாடும் உள்ள அண்மை மருத்துவமனை எது என்பதை முன்கூட்டியே விசாரித்து, ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதி வைத்தல் நன்று. இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்தலும் புகையிலையை விலக்குதலும் இந்நோயைத் தடுக்கும் வழிகள்.

மூலிகையை நாடுவோர் மருத்துவமனையில் நோயின் வகை தெரிந்த பின்னர், மருத்துவரிடம் கூறி நாடலாம். முதல் மணி நேரங்களை மட்டும் எவரும் வீணாக்கலாகாது. அடைபட்ட வாய்க்காலை அன்றே திறந்தால்தான் பயிர் பிழைக்கும்.