பூனைக்குச் சர்க்கரை நோய்: முதலில் தட்டு, பிறகு ஊசி

தண்ணீர்க் கிண்ணத்தை ஒரே நாளில் மூன்று முறை நிரப்ப வேண்டியிருக்கிறது. மணல் தட்டில் சிறுநீர்க் கட்டிகள் எலுமிச்சை அளவிலிருந்து ஆரஞ்சு அளவுக்கு வந்துவிட்டன. சாப்பாட்டுத் தட்டை நக்கி நக்கிச் சாப்பிடுகிறது. ஆனாலும் தடவினால் முதுகெலும்பு கையில் தட்டுகிறது. எங்கள் வீட்டுப் பூனைக்குப் பத்தாவது வயதில் இப்படித்தான் ஆரம்பித்தது. வயசாகிவிட்டது என்று இரண்டு மாதம் விட்டுவிட்டோம். பின்னங்கால்களின் குதியைத் தரையில் பதித்துத் தாழ்ந்து நடக்கத் தொடங்கியபோதுதான் பயந்துபோய் மருத்துவரிடம் ஓடினோம். சர்க்கரை ஏறி நரம்பைப் பாதித்தால் பூனைகள் அப்படி நடக்கும்.

பூனைக்கு வருவது பெரும்பாலும் மனிதரின் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயைப் போன்றது. உடல் பருத்த, கருத்தடை செய்த, வீட்டுக்குள்ளேயே கிடக்கும் நடுவயது ஆண் பூனைகளுக்கு வாய்ப்பு அதிகம். தோல் அரிப்புக்கோ வாய்ப்புண்ணுக்கோ போடும் ஸ்டீராய்டு ஊசியும் இதைக் கிளப்பிவிடும். முன்பு அப்படி ஏதாவது போட்டிருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இன்னொன்று: கூடையில் அடைபட்டு ஆட்டோவில் வந்திறங்கிய பூனைக்குப் பயத்திலேயே ரத்தச் சர்க்கரை ஏறிவிடும். அதனால் ஒரே ஒரு அளவை வைத்து முடிவு கட்டாமல், சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். முந்தைய ஓரிரு வாரங்களின் நிலையைக் காட்டும் ஃப்ரக்டோசமைன் பரிசோதனையும் உண்டு. அதைக் கேட்டு வாங்கலாம்.

நோய் உறுதியான நாளில் வீட்டில் எல்லோரும் கவலைப்படுவது சர்க்கரை ஏறிக் கிடப்பதைப் பற்றித்தான். ஆனால் முதல் சில வாரங்களில் உண்மையான ஆபத்து மறுபக்கம், சர்க்கரை தாழ்ந்துபோவதில் இருக்கிறது. ஒரு வேளை இன்சுலின் ஊசி விட்டுப்போனால் அன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் குடிக்கும், அவ்வளவுதான். ஒரு ஊசி கூடுதலாகப் போனால் உயிரே போகலாம். சந்தேகம் வந்தால் ஊசியை எடுக்காதீர்கள்.

வழக்கமான முறை 12 மணி நேரத்துக்கு ஒரு ஊசி. காலை ஏழு என்றால் இரவு ஏழு. அரை மணி முன்பின் ஆனால் பாதகமில்லை. முதலில் உணவை வைக்க வேண்டும். பூனை வழக்கம்போல் சாப்பிடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். சாப்பிடும்போதோ முடித்ததுமோ பிடரிக்குக் கீழே, பக்கவாட்டில் தோலைத் தூக்கி ஊசி போட வேண்டும். பூனைக்கு, குறிப்பாக மாவுச்சத்து குறைந்த உணவு தின்னும் பூனைக்கு, சாப்பிட்டவுடன் சர்க்கரை நம்மைப்போல் சட்டென்று எகிறுவதில்லை. ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிக்கும் பழக்கமுள்ள பூனையை இரண்டே வேளைக்குக் கட்டாயப்படுத்தத் தேவையில்லை. ஆனால் நாள் முழுக்க எவ்வளவு உள்ளே போனது என்று தெரிந்திருக்க வேண்டும். அப்போதுதான் சாப்பிடாத நாளைக் கண்டுபிடிக்க முடியும்.

சாப்பிடவில்லை என்றால்? வாந்தி எடுத்துவிட்டது என்றால்? முழு அளவு ஊசியைப் போட்டுவிடாதீர்கள். மருத்துவருக்குப் போன் செய்து, பாதியா, நிறுத்துவதா என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கான பதிலை முதல் நாளே எழுதி வாங்கி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. இரவு எட்டு மணிக்கு எல்லோரும் போனை எடுக்கமாட்டார்கள். ஊசி போடும்போது பூனை துள்ளி, மருந்து முடியில் சிந்தியதா உள்ளே போனதா என்று தெரியாவிட்டால் மறுபடி போடாதீர்கள். அடுத்த வேளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். விட்டுப்போனதற்கு ஈடாக இரட்டிப்பாகப் போடவே கூடாது.

எங்கள் வீட்டில் மூன்றாம் நாளே தடுமாறினோம். அம்மா விடியற்காலையில் ஊசி போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போயிருந்தார். எழுந்துவந்த நான் தட்டு காலியாக இருப்பதைப் பார்த்துச் சிரிஞ்சில் மருந்தை ஏற்றிவிட்டேன். மேசையில் கிடந்த பழைய சிரிஞ்ச் கண்ணில் பட்டதால் நிறுத்தினேன். இன்றும் நினைத்தால் கை நடுங்குகிறது. அன்றே பிரிட்ஜ் கதவில் நாட்காட்டியும், நூலில் கட்டிய பென்சிலும் தொங்கவிட்டோம். போட்டவர் உடனே நேரத்தைக் குறிக்க வேண்டும். குறிப்பு இல்லையென்றால் அம்மாவுக்குப் போன் செய்து கேட்ட பிறகுதான் அடுத்த வேலை.

அடுத்து, நம் ஊரில் பலரும் கவனிக்காத ஆபத்து ஒன்று. இங்கே மருந்துக்கடையில் பெரும்பாலும் இரண்டு வீரியத்தில் இன்சுலின் கிடைக்கிறது: ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ளது ஒன்று, 100 யூனிட் உள்ளது இன்னொன்று. சிரிஞ்சும் இரண்டு வகை. 40க்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு, 100க்கானது ஆரஞ்சு. பூனைகளுக்கு அதிகம் எழுதித்தரும் கிளார்ஜின் என்ற இன்சுலின் பொதுவாக 100 யூனிட் வகை. அதை 40 யூனிட் சிரிஞ்சில் ஒரு கோடு இழுத்தால் உள்ளே போவது ஒன்றல்ல, இரண்டரை யூனிட். பூனைக்குத் தொடக்க அளவே பெரும்பாலும் ஒரு வேளைக்கு ஒரு யூனிட்தான் என்னும்போது அந்த இரண்டரை எவ்வளவு பெரிய தவறு என்று பாருங்கள். “ரெண்டும் ஒண்ணுதான் சார்” என்று கடைக்காரர் சொன்னால் வாங்காமல் திரும்பிவிடுங்கள். அரை யூனிட் கோடு போட்ட சிரிஞ்ச் கிடைத்தால் அதுவே உத்தமம். தாத்தாவுக்கு வாங்கிய இன்சுலினையோ மாத்திரையையோ பூனைக்குக் கொடுப்பது எக்காரணத்தாலும் கூடாது.

இன்சுலினைப் பிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள், ஃப்ரீசரில் அல்ல. உறைந்துபோன மருந்து வீண்.

உணவைப் பற்றிப் பேசினால் மனம் சங்கடப்படுகிறது. தயிர் சாதம், பால், பிஸ்கட், மீன் பிசைந்த சோறு என்று அன்போடு ஊட்டி வளர்த்திருப்போம். பூனை இறைச்சி தின்னவே பிறந்தது. சோற்றின் மாவுச்சத்து அதற்கு வேண்டாதது. கடையில் விற்கும் உலர் உணவிலும் மாவுச்சத்து நிறைய இருக்கும், ஆனால் பையில் அந்த எண் பெரும்பாலும் அச்சாகியிருக்காது. நீங்களே கணக்குப் போடலாம். புரதம் 32, கொழுப்பு 12, ஈரம் 10, நார் 4, சாம்பல் 8 என்றால் கூட்டு 66. நூற்றில் மீதி 34, அதுதான் மாவுச்சத்து. சர்க்கரைப் பூனைக்கு இது மிக அதிகம். புரதம் கூடிய, மாவுச்சத்து குறைந்த ஈர உணவே ஏற்றது. வீட்டில் சமைப்பதானால் வெறும் கோழியும் மீனும் மட்டும் நீண்ட நாளைக்குப் போதாது. கால்சியமும் டாரினும் குறைந்துவிடும். மருத்துவரிடம் கேட்டுச் சேர்க்க வேண்டும். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களைச் சிதைப்பவை, எனவே குழம்பு மீனைக் கழுவிப் போடுவதும் தவறு.

ஆனால் ஒரே நாளில் உணவை மாற்றிவிடாதீர்கள். மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் தேவையும் குறையும். உணவை மாற்றிவிட்டுப் பழைய அளவிலேயே ஊசி போட்டால் சர்க்கரை பாதாளத்துக்குப் போகும். மாற்றுமுன் மருத்துவருக்குச் சொல்லுங்கள். பருத்த பூனையை இளைக்க வைக்கிறேன் என்று பட்டினி போடுவதும் ஆபத்து. கல்லீரலில் கொழுப்பு படிந்து அதுவே பெரிய நோயாகிவிடும்.

சர்க்கரை தாழ்ந்துவிட்டதற்கு அடையாளம்: தள்ளாட்டம், நடுக்கம், வெறித்த பார்வை, கட்டிலுக்கடியில் ஒளிதல், திடீர்ப் பசி, கடைசியில் வலிப்பு. விழுங்கும் நிலையில் இருந்தால் உடனே உணவு கொடுங்கள். தின்னாவிட்டால் தேனையோ கரைத்த குளுக்கோஸையோ ஈறில் தடவுங்கள். வலிப்பில் இருக்கும் பூனையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பல்லுக்கிடையில் விரலை விடாதீர்கள். தேறியதுபோல் தெரிந்தாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், ஏனென்றால் இன்சுலின் இன்னும் உடலுக்குள் வேலை செய்துகொண்டிருக்கும். இதற்கு நேர்மாறாக, சாப்பாட்டை வெறுத்து, வாந்தி எடுத்துச் சோர்ந்து கிடந்தால் ரத்தத்தில் கீட்டோன் ஏறியிருக்கலாம். அதுவும் அன்றே பார்க்க வேண்டிய அவசரம்.

வீட்டில் காது ஓரத்தில் குத்தி ஒரு சொட்டு எடுத்துச் சர்க்கரை பார்க்கக் கற்றுக்கொள்ளலாம். மனிதருக்கான குளுக்கோமீட்டர் பூனையின் ரத்தத்தில் உண்மையைவிடக் குறைவாகக் காட்டுவது வழக்கம். எந்தக் கருவி என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒரு அளவைப் பார்த்ததும் நீங்களாக மருந்தைக் கூட்டாதீர்கள். புது அளவு நிலைப்பட நாள்கள் ஆகும்.

கேட்டுப் பெறும் உரிமையும் உங்களுக்கு உண்டு. சீட்டில் இன்சுலினின் பெயர், அதன் வீரியம், யூனிட் அளவு, சிரிஞ்ச் வகை எல்லாம் எழுதித்தரச் சொல்லுங்கள். 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, மருத்துவர் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். தவறான சிகிச்சையால் பூனை பாதிக்கப்பட்டதாக நம்பினால், பணம் கொடுத்துப் பெற்ற சேவை என்ற முறையில் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். அதற்குச் சீட்டு, ரசீது, பரிசோதனை முடிவு எல்லாம் கையில் வேண்டும். வழி கேட்கத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஊருக்குப் போகும்போது பூனையை விடுதியில் விட்டால் ஊசி அட்டவணையை எழுதிக் கொடுத்துக் கையொப்பம் வாங்குங்கள்.

நம்பிக்கையோடு இருக்கவும் காரணம் உண்டு. சீக்கிரம் கண்டுபிடித்து, உணவை மாற்றி, ஊசியை ஒழுங்காகப் போட்டால் சில பூனைகளுக்கு இன்சுலினே தேவைப்படாத நிலை வருகிறது. எங்கள் பூனைக்கு அது ஐந்தாம் மாதம் வந்தது. ஊசியை மருத்துவர் நிறுத்திய பிறகும் அதே உணவுதான் வைக்கிறோம். தண்ணீர்க் கிண்ணத்தில் காலையில் பேனாவால் ஒரு கோடு போடுகிறோம். மாலையில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அம்மா பார்க்கிறார்.