சேமநிதியைப் பகிர்ந்துகொள்ளலாகாதா?

ஐக்கிய நாணயச் சங்கங்களின் மகாசபையில் அங்கத்தினர் அடிக்கடி எழுப்பும் வினா ஒன்றுண்டு. "இலாபம் நாம் கட்டிய வட்டியிலிருந்து வந்ததே, அதைச் சேமநிதியில் முடக்குவானேன்? நமக்குள் பகிர்ந்துகொண்டாலென்ன?" என்பதே அது. வினா நியாயமானதே. விடை காண, சங்கங்களுக்குச் சட்டம் ஏற்படுமுன் இருந்த நிலைமையை நோக்குதல் வேண்டும்.

பத்துக் குடியானவர்கள் பணம் போட்டு, ஊர்ப் பெரியவரிடம் ஒப்புவித்துத் தமக்குள் கடன் கொடுத்து வாங்குவது நம் நாட்டுக்குப் புதிதன்று. ஆனால் அப்பெரியவர் காலஞ்சென்றால், அது பொதுப்பணமா, அவர் மக்களின் பிதுரார்ஜிதமா என்ற வழக்கு எழும். கூட்டத்துக்கெனச் சட்டத்தில் ஒரு பெயரில்லாமையால், நியாயஸ்தலத்தில் கூட்டத்தின் பெயரால் கேட்கவும் வழியில்லை. சீட்டோ கடைசித் தவணையுடன் முடிந்துபோகும்.

சென்னை கவர்ன்மெண்டாருக்காக ஸர் பிரடெரிக் நிக்கல்ஸன் ஐரோப்பியக் கிராம பாங்கிகளின் முறைகளை ஆராய்ந்து 1895, 1897-ஆம் வருஷங்களில் அறிக்கை சமர்ப்பித்தார். 1904-ல் சட்டம் பிறந்தது. அவ்வருஷமே செங்கற்பட்டு ஜில்லாவில் திருவள்ளூரை அடுத்த திரூரில் ஒரு கிராமச் சங்கம் ரிஜிஸ்தர் ஆயிற்று.

ரிஜிஸ்தர் ஆன சங்கம் தன் பெயராலேயே சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்காடலாம். பஞ்சாயத்தார் மாறினும் சங்கம் மாறாது. 1912-ஆம் வருஷத்துச் சட்டம் மேலும் சென்றது. அங்கத்தினரின் பங்குத்தொகையை அவருடைய சொந்தக் கடன்காரர் ஜப்தி செய்யலாகாது. விதைக்கும் எருவுக்கும் கொடுத்த கடனுக்கு, 18 மாதம் வரை அவர் விளைச்சலின்மீது சங்கத்துக்கு முன்னுரிமை உண்டு. சர்க்கார் தீர்வையும் நிலச்சொந்தக்காரரின் குத்தகையுமே அதற்கு முந்தியவை. வருஷந்தோறும் கணக்குத் தணிக்கை கட்டாயம். நிகர இலாபத்தில் காற்பங்குக்குக் குறையாமல் சேமநிதிக்கு ஒதுக்கிய பின்னரே மீதியைப் பங்கிடும் பேச்சுக்கு இடமுண்டு. வரையறையற்ற பொறுப்புள்ள சங்கத்திலோ, கவர்ன்மெண்டாரின் உத்தரவின்றி அதுவும் கூடாது.

கடைசி விதியே பலருக்குக் கசந்தது. எனினும் இந்நிதிக்காகச் சங்கம் எவருக்கும் வட்டி கொடுக்கவேண்டியதில்லை. ஒருவருடைய கடன் வசூலாகாமற்போனால் நஷ்டத்தைத் தாங்குவது அதுவே. அஃதில்லாத சங்கம் நொடித்தால், வரையறையற்ற பொறுப்பின்படி அந்நஷ்டம், தவணை தவறாது கட்டியவரின் காணியைத் தேடிவரும். 1930-ஐ ஒட்டி நெல் விலை விழுந்து பாக்கிகள் பெருகிய காலத்தில் இது வெறும் அச்சமாயிருக்கவில்லை. பல சங்கங்கள் கலைக்கப்பட்டன.

சட்டத்தின் குறையையும் மறைப்பதற்கில்லை. 1951-52-ல் இந்தியா முழுவதும் நடந்த கிராமக் கடன் விசாரணையில், விவசாயிகள் வாங்கிய கடனில் சங்கங்கள் கொடுத்தது 100-க்கு 3 ரூபாய் அளவே எனத் தெரிந்தது. நிலத்தையே ஜாமீனாகப் பார்த்ததால், வாரக்குடிக்குச் சங்கத்தின் கதவு திறக்கவில்லை. மகாசபையார் சேமநிதியைப் பற்றிக் கேட்கும்போது, அந்நிதியிருந்தும் கடன் கிடையாதவர் ஊரில் எத்தனைபேர் என்பதையும் சேர்த்துக் கேட்கலாம்.