நிரல் வரிகளில் முறியும் தமிழ்ச் சரங்கள்: கன்னியாகுமரி வட்டப் பெயர்களை முன்வைத்து

சுசீந்திரம் உள்ளிட்ட நாஞ்சில் நாட்டுக் கோயில்களின் பழங்கல்வெட்டுகளில் கல்லின் அகலம் முடியுமிடத்தில் வரி முடியும். சொல் பாதியில் நின்றாலும் எஞ்சிய எழுத்துகள் அடுத்த வரியில் தொடரும். சொற்களுக்கிடையே இடைவெளி இராது. படிப்பவரே சேர்த்தும் பிரித்தும் பொருள் கொள்வர். கணினி நிரலிலும் நீண்ட உரை பல வரிகளாக முறிக்கப்படுகிறது. ஆனால் அங்கே வரிகளைச் சேர்ப்பது பொருளறியாத இயந்திரம்.

மேற்கோள்குறிகளுக்குள் அமையும் உரை 'சரம்' எனப்படும். பைத்தான் மொழியின் நடைக்கையேடு ஒரு வரி 79 குறிகளுக்கு மிகாதிருக்கப் பரிந்துரைக்கிறது. தமிழ் உரை இவ்வெல்லையை விரைவில் எட்டிவிடும். 'கன்னியாகுமரி' என்பதில் எழுத்துகள் 7. ஒருங்குறியில் மெய்ப்புள்ளியும் உயிர்க்குறிகளும் தனித்தனியே எண்ணப்படுவதால் 12.

இரு சரங்கள் வேறு குறியின்றி அடுத்தடுத்து நின்றால் அவை தாமே ஒன்றாகும். சி மொழியின் 1989ஆம் ஆண்டுத் தரவரையறையில் இடம்பெற்ற இவ்விதி பைத்தானிலும் உண்டு. ஜாவாஸ்கிரிப்டில் கூட்டல்குறி இட வேண்டும். மும்மை மேற்கோள்குறி எளிதாகத் தோன்றினும் வரிமுறிவும் வரித்தொடக்க வெற்றிடங்களும் உரைக்குள் புகுந்துவிடும்.

செய்தி = (
    "கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று "
    "சென்னை மாநிலத்துடன் இணைந்தது."
)

முதல் வரியில் மூடும் மேற்கோள்குறிக்கு முன்னுள்ள ஓர் இடைவெளியே இங்கு உயிர்நாடி. அது விடுபட்டால் 'அன்றுசென்னை' என வரும். இது கண்ணில் படக்கூடும். 'கன்னியாகுமரி' என்பதற்குப் பின் முறித்து இடைவெளியை மறந்தால் விளைவது 'கன்னியாகுமரிமாவட்டம்'. சொற்களைச் சேர்த்தெழுதிப் பழகிய தமிழ்க் கண் இதைப் பிழையெனக் கொள்வதில்லை. மெய்ப்புப் பார்ப்பவரும் கடந்துவிடுவர். ஆனால் இடைவெளியைக் கொண்டு சொற்களைப் பிரிக்கும் தேடுபொறிக்கு 'மாவட்டம்' அகப்படாது.

பட்டியல்களில் இவ்விதி இன்னும் கடுமையான இழப்பைத் தரும். 1956இல் இணைந்த நான்கு வட்டங்களைக் காண்க:

வட்டங்கள் = [
    "அகத்தீசுவரம்",
    "தோவாளை"
    "கல்குளம்",
    "விளவங்கோடு",
]

தோவாளைக்குப் பின் காற்புள்ளி இல்லை. நிரல் தடையின்றி இயங்கும். பிழைச்செய்தி எதுவும் வாராது. ஆயினும் வட்டங்கள் மூன்றாகி, அவற்றுள் ஒன்று 'தோவாளைகல்குளம்' எனும் இல்லாத வட்டமாகும். இப்பட்டியலைக் கொண்ட விண்ணப்பப் படிவத்தில் இரு வட்டத்தாரும் தம் வட்டத்தைத் தேர்ந்தெடுக்க இயலாது. நிரலில் எழுத்துப்பிழை தேடுவோர்க்கு ஒவ்வொரு பெயரும் சரியாகவே தெரியும் என்பது இதன் கொடுமை. உறுப்புகளின் எண்ணிக்கை நான்குதானா என நிரலே சரிபார்க்குமாறு எழுதுவது பயனுள்ள காப்பு.

எழுத்தின் நடுவே முறிப்பதும் தவிர்க்கத்தக்கது. 'கன்னியாக' என ஒரு வரி முடிந்து உகரக்குறியுடன் அடுத்த வரி தொடங்கினால், இயங்கும்போது சொல் முழுமை பெறும். ஆனால் மூலநிரலில் அக்குறி புள்ளிவட்டத்தின்மேல் அநாதையாக நிற்கும். 'கன்னியாகுமரி' எனத் தேடித் திருத்த முனைபவர்க்கு அவ்வரி கிட்டாது. சொல் முடிந்த இடத்தில் முறித்து, இடைவெளியை எப்போதும் வரியிறுதியிலேயே வைக்கும் வழக்கத்தைக் கைக்கொண்டால், அது விடுபட்ட வரி உடனே புலப்படும்.